டின் உடைக்கிற உளி

வேலையில் இருந்த காலமெல்லாம் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து எழுதிச் சம்பளம் வாங்கினவன் நான். மழைமானி, காற்றுமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, இவைதான் என் கூட்டாளிகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் சொல்கிற எல்லோரும், "அதுவும் அவரு பாத்த உத்தியோகம் என்னன்னு கேட்டா..." என்று இழுத்து, அங்கேதான் சிரிப்பை வாங்குகிறார்கள். அந்தச் சிரிப்பை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஓய்வு பெற்ற வருஷம், கர்க்கடக மழையில், நம் ஆடி மாசம்தான் அது, ஒரு நாள் பழவங்காடியில் குடை ரிப்பேருக்குப் போனேன். குடையைக் கொடுத்துவிட்டதால் நனைந்தேன். நனையாமல் இருக்க ஓர் ஆக்ரிக் கடைக்குள் ஒதுங்கினேன். பழைய பேப்பர், பழைய இரும்பு எடைக்கு எடுக்கிற கடையை இங்கே அப்படித்தான் சொல்வது. மழை விடுகிற வரை ஒரு கடையில் சும்மா நிற்பது அழகில்லையே என்று, கையில் பட்ட ஒன்றை எடுத்து விலை கேட்டேன். துரு ஏறிய ஓர் உளி. பிடி கிடையாது. அந்த மழை மட்டும் ஒரு கால்மணி நேரம் முன்னால் விட்டிருந்தால், எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் இன்றைக்கு இருக்கிற இடத்தில் இருந்திருக்காது.

அந்த உளியை நான் கெடுத்தேன். தெருமுனையில் கத்தரி சாணை பிடிக்கிறவரிடம் சக்கரத்தைக் கடன் வாங்கி, அழுத்திப் பிடித்தேன். தீப்பொறி அழகாகப் பறந்தது. உளியின் முனை முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு மயில்கழுத்து நீலமானது. எனக்கு அந்த நீலம் பிடித்திருந்தது. பிறகுதான் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். நீலம் பாரித்தால் எஃகின் உறுதி போய்விட்டது என்று அர்த்தமாம். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் முனை மாவு மாதிரி மழுங்கும். நான் அதை மூலையில் போட்டேன். என் மனைவி மூலையிலிருந்து எடுத்து அடுக்களையில் வைத்துக்கொண்டாள். மூடி இறுகிப்போன டின்களைத் திறக்க, தேங்காய்க் கண்ணைக் குத்த, கேஸ் சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடியைப் பெயர்க்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

"இது ஒண்ணுதான் இந்த வீட்ல பிரயோஜனமா இருக்கு" என்பாள்.

மற்றவை பிரயோஜனத்துக்காக வாங்கினவை அல்ல என்பதை அவளுக்கு என்னால் விளக்க முடிந்ததில்லை. ஒவ்வொன்றாக ஐந்து உளிகள் வந்தன. ஒரு வாச்சி, ஒரு மூலைமட்டம், இரண்டு ரம்பம் வந்தன. கடைசியில், நெல்லி மரத்திலோ புளிய மரத்திலோ செய்த, எண்ணெயும் வியர்வையும் குடித்துக் கறுத்த ஓர் இழைப்புளி வந்தது. வீட்டுக்கு வந்த நாளை ஒவ்வொன்றின் பிடியிலும் பென்சிலால் எழுதினேன். அதைத் தீட்டிய நாளை அடியில் எழுதினேன். பழைய பழக்கம், தேதி போடாத எதுவும் எனக்கு நடந்த மாதிரியே இருப்பதில்லை.

துரு எடுக்க வினிகரில் ஊறப்போடச் சொல்லியிருந்தது புத்தகம். வினிகர் தீர்ந்த அன்று அடுக்களையில் பீங்கான் பரணி நிறையப் புளி இருந்தது. குத்துவிளக்கு தேய்க்கிற புளி இரும்புக்கு ஆகாதா என்ன? ஆகிறது. பிரமாதமாக ஆகிறது. ஆனால் வருஷத்துக்கென்று அவள் உப்புப் போட்டு உருட்டி வைத்த புளி அது. வீடு முழுக்க, ஆணி போட்டுக் கொதிக்க வைத்த ரசம் போல ஒரு வாசனை. பிறகு தீட்டுகல். தீட்டுகல் சமமாக இருந்தால்தான் முனை சமமாகும். கல்லைச் சமமாக்க, உப்புத்தாளைச் சமமான ஒன்றின்மேல் ஒட்டித் தேய்க்க வேண்டும். வீட்டில் இருந்ததிலேயே சமமான பொருள் டீப்பாயின் கண்ணாடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளிகள் காப்பி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

முனை சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முழங்கைக்குக் கீழே வைத்து மெல்ல இழுத்தால் முடி சிரைக்க வேண்டும். நான் வலக்கைக்காரன் என்பதால் இடக்கையில்தான் பார்ப்பேன். அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு அரைக்கைச் சட்டையில் போனபோது, பந்தியில் எதிரே இருந்தவர் என் இடக்கையையும் வலக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாயசத்தை வேண்டாம் என்றுவிட்டார்.

இழைப்புளியின் தகட்டைத் தீட்டி முடித்து முதல் சீவலை எடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். மரத்திலிருந்து அது 'உஸ்ஸ்' என்று சுருண்டு வந்தது. பிரித்துச் செய்தித்தாளின் மேல் வைத்தேன். அடியில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். என் மனைவியின் தங்கை கேட்டிருந்தாள்: "வெங்காயத் தோலா அத்தான்?"

ரம்பம் தீட்டுவதுதான் கொஞ்சம் சத்தமான வேலை. முக்கோண அரத்தை ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் கொடுத்துத் தள்ள வேண்டும். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை இல்லை. அடுத்த வீட்டு நாய் முதல் பல்லுக்கே ஊளையிடத் தொடங்கி, கடைசிப் பல் வரைக்கும் கூடவே வரும். என் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"யாரு சொல்லி இந்தச் சத்தத்தப் போடுதிய?"

"யாரும் சொல்லல. பல்லு மழுங்கிட்டு. தீட்டணும்லா."

"நம்ம வீட்ல அறுக்கதுக்கு என்னமும் இருக்கா?"

"இப்பம் ஒண்ணும் இல்ல."

அவள் ரம்பத்தையும் என்னையும் பார்த்தாள். "அப்பம் எனக்கும் செய்யலாம்" என்றாள்.

"என்னது?"

"வயலின்."

நான் அரத்தைக் கீழே வைத்தேன். நாயும் நிறுத்தியது. பெண் பார்க்கப் போனபோது, பாட்டு வருமா என்று என் வீட்டார் கேட்டதற்கு, "கேக்க வரும்" என்று சொன்னவள் அவள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சின்ன வயசில் வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பாவிடம் கேட்கப் பயந்து, அப்படியே விட்டுவிட்டாள் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கரமனையில் ஓர் அம்மாள் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களை வருஷத்துக்கு ஒரே நாள், விஜயதசமி காலையில், எட்டரைக்குள் பாடத்துக்கு உட்கார வைப்பார். அதற்குப் பிறகு பழைய மாணவர்களின் கச்சேரி தொடங்கிவிடும். முதல் வருஷம் என் கண் ஆபரேஷன் குறுக்கே வந்தது. "அடுத்த விஜயதசமிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். அவள் வாங்கிவைத்த வயலின் ஒரு முழு வருஷம் பீரோவுக்கு மேல் கறுப்புப் பெட்டியில் கிடந்தது.

"இந்த வாட்டி விடமாட்டேன்" என்றாள். "அறுபது தாண்டியாச்சு. ஒவ்வொரு வருசமா விட்டுக்கிட்டிருக்கதுக்கு என்ட்ட வருசம் இல்ல. யார்ட்டயும் சொல்லண்டாம். ரெண்டு மாசத்துல நிறுத்திட்டேன்னா சிரிப்பாவ."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் ஒரு ஏற்பாட்டில் இருந்தாள். நான் ஒரு கதவில் இருந்தேன்.

எங்கள் பூஜை அறைக் கதவு அயினி மரம். நாலு பலகையைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்த பழைய கதவு, உள்பக்கமாகத் திறப்பது. ஸ்ரீவராகத்தில் நாங்கள் இந்த வீட்டை வாங்கும்போதே அது கீழே உரசும். மேலே, தாழ்ப்பாள் பக்கம், நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். பல்லி அந்த வழியாகத்தான் போக்குவரத்து. மழைக்காலத்தில் என் மனைவி இடுப்பால் ஓர் இடி கொடுத்துத் திறப்பாள். ஆசாரியைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், இழைப்புளி தயாராகட்டும், நானே செய்கிறேன் என்றேன். ஓணம் கழிந்து, வானம் வெளுத்து, வெயில் காய்ந்த நாட்களில் செய்தேன். கீழே உரசின இடத்தை இழைத்தேன். மேலே விரல் நுழைந்த இடத்துக்குத் தேக்கில் ஒரு பட்டை சீவி, ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமல் ஓடி மறைகிற மாதிரியும் இழைத்து, நிலையில் ஒட்டினேன். ஆணி அடிக்கவில்லை, ஆணித்தலை தெரிந்தால் அசிங்கம். கதவைப் பார்க்கிற முகத்தில் தேதியை எழுதித்தான் ஒட்டினேன்.

நல்ல கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஓர் அட்டையின் கனம் இருந்தால் போதும் என்று என் புத்தகம் சொன்னது. புத்தகத்தை எழுதினவர் பனி பெய்கிற ஊர்க்காரர். நான் தபால் கார்டை வைத்துப் பார்த்தேன். ஒன்று நுழைந்தது. இரண்டு நுழையவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பல்லி எப்பிடிப் போவும்?" என்றாள்.

நவராத்திரி வந்தது. அஷ்டமி அன்று சாயங்காலம் பூஜை வைத்தோம். இந்தப் பக்கத்தில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வைத்ததை விஜயதசமி காலை பூஜை முடிந்துதான் எடுக்கலாம், அதுவரை தொடக்கூடாது. புத்தகமென்றால் படிக்கக்கூடாது, வண்டியென்றால் ஓட்டக்கூடாது. எங்கள் தெருவில் ஆட்டோக்கள் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கும். தையல்கார அம்மாள் மெஷினுக்கு மாலை போட்டுவிட்டு டிவி பார்ப்பாள். எங்கள் அடுக்களையிலிருந்து அரிவாள்மணையும் கத்தியும் பூஜைக்குப் போய்விட்டதால், நவமியன்று கையால் கிள்ளிய கீரைதான்.

வாழையிலை விரித்து என் ஆயுதங்களைப் பரப்பினேன், தீட்டி முடித்த தேதி வரிசையில். முனைகள் எல்லாம் வாசலைப் பார்த்து இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முனையும் ஒரு மயிர்க்கோடாக மின்னிற்று. அவற்றுக்குப் பின்னால், ஸ்டூலின்மேல், சரஸ்வதி படத்துக்கு முன்னால், வயலின் பெட்டி.

"முனையெல்லாம் நம்மளையில்லா பாத்திருக்கு" என்றாள் மனைவி. "திருப்பி வைக்கக்கூடாதா?"

"கும்பிடுகதே முனையத்தான்."

அவள் அடுக்களைக்குப் போய் அந்த டின் உடைக்கிற உளியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதையும் வையுங்க. வருசம் பூரா பாடுபடுது."

"இதெல்லாம் ஒரு ஆயுதமா? இத வச்சா சரஸ்வதிக்கே கோவம் வரும்."

அவள் அதைத் திரும்ப அடுக்களைக்கே எடுத்துப்போனாள்.

நவமி சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிட்டபின் கதவை நானே சாத்தினேன். பெட்டி மூடி விழுகிற மாதிரி, உள்ளே இருந்த காற்றை 'ப்ஃப்' என்று வெளியே தள்ளிக்கொண்டு மூடியது. தாழ்ப்பாள்கூட வேண்டியிருக்கவில்லை.

"கேட்டியா அந்தச் சத்தம்?"

"கேட்டேன்."

பிறகு இடித்தது. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. காற்று பின்கட்டு ஜன்னல் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து கூடம் முழுக்கத் தெளித்தது. நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

விஜயதசமி விடிந்ததும் நான் மாடிக்குப் போனேன். அங்கே சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். நல்ல மழை, இந்தப் பருவத்துக்கு மிக நல்ல மழை. இரண்டு தரம் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று மூக்காலேயே ஒரு மதிப்புப் போட்டு, சந்தோஷமாக இறங்கிவரும்போது மனைவி கூப்பிட்டாள். குளித்து, பட்டுச்சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

"கதவு தொறக்கல."

நான் தள்ளினேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அவள் இடுப்பால் ஒரு தரம் இடித்தாள். வழக்கமாக முனகவாவது செய்கிற கதவு முனகக்கூட இல்லை. விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கார்டின் கனம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. கதவும் பட்டையும் நிலையும் ஒரே மரத்தில் செதுக்கினவை போல இருந்தன. ஒரு நொடி, என்னை அறியாமல், எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"என்னத்தப் பாத்து நிக்கிய? எட்டரைக்குள்ள போணும்."

"மரம் ஈரத்த இழுத்து ஊதியிருக்கு. காத்துல ஈரம் கொறஞ்சா தானா விட்டுக்குடுக்கும்."

"எப்பம் கொறையும்?"

கேள்வி என் துறையைச் சேர்ந்தது. பதில் எனக்குத் திட்டமாகத் தெரியும். "டிசம்பர்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. நான் உடனே தெருக்கோடியில் இருக்கிற ஆசாரிக்குப் போன் செய்தேன்.

"சாரே, ஆயுதமெல்லாம் பூஜையில அல்லே. எங்க அம்மை எடுத்துத் தராம தொடமாட்டேன். பத்து மணி கழியும்."

"சின்ன வேலதான். கதவு இறுகிட்டு."

"சின்ன வேலைக்கு சார்ட்ட பெரிய ஆயுதம் ஒக்கெ உண்டல்லோ? அது எங்க?"

"அது உள்ள இருக்கு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் வீட்டில் யாரிடமோ சொல்வதும், அந்த வீடு மொத்தமும் சிரிப்பதும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் என் மனைவியின் அண்ணன் வந்து இறங்கினார். ஆட்டோ கிடைக்காது என்று, கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவரைக் காரோடு வரச்சொல்லியிருந்தாள். பூஜப்புரையில் இருக்கிறார். தன் காரைப் பூஜைக்கு வைக்காத ஒரே மனிதர் எங்கள் குடும்பத்தில் அவர்தான். "சாமிக்கு எதுக்கு வே லைசென்ஸ் இல்லாம வண்டி" என்பார். கடைகளெல்லாம் இழுத்துச் சாத்தியிருக்கும் அன்று, ஊரில் தொடத்தகுந்த கருவி என்று இருந்தது அவருடைய காரின் ஜாக்கி ஒன்றுதான். அது கதவுக்கு ஆகாது.

விஷயத்தைக் கேட்டதும் சட்டைக்கையை மடித்தார். "மாறி நில்லும் வே மாப்பிள. தோளக் குடுத்து ஒரு தள்ளு. போதும்."

"வேண்டாம் அத்தான்."

"ஏன்?"

"கதவு சட்டுன்னு தொறந்தா நீங்க உள்ள விழுவிய."

"விழுந்தா எழும்புவேன்."

"முனையெல்லாம் வாசலப் பாத்து இருக்கு."

அவர் நாற்காலி போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருந்த காற்றோட்ட ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்த சட்டைக்கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"என்ன வே இது? சாமி கும்பிட வச்சிருக்கீரா, ஆனைக்குக் குழி வெட்டி வச்சிருக்கீரா? இதுல விழுந்தா என்னைய அப்பிடியே வாரி அவியலுக்குப் போட்டிரலாம். காய் நறுக்கண்டாம்."

"நல்லாத் தீட்டினது" என்றேன். எனக்கு அடக்க முடியவில்லை.

"அது தெரியுது, உம்ம கையப் பாத்தாலே. பின்னால என்ன, கறுப்பா ஒரு பொட்டி?"

என் மனைவி சொன்னாள். "வயலின், அண்ணே. நாந்தான் படிக்கப்போறேன். கோயிலுக்குன்னு சொன்னது பொய்."

நாற்காலியின் மேல் நின்றபடியே அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள், பட்டுச்சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாக்குத் தெரியுமா?" என்றார்.

"அப்பா போயி எத்தன வருசமாச்சு, அண்ணே."

"அதுல்ல... கேப்பாரேன்னு சொன்னேன்." நாற்காலியை விட்டு இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது. "மாப்பிள, காத்து, ஈரம், அதெல்லாம் பொறவு. இவ இன்னைக்குப் போணும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லும்."

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். முதலில் தடவிப் பார்த்தபோதே தெரியும். கதவை ஒன்றும் செய்ய முடியாது. நிலையில் நான் ஒட்டின பட்டையைப் பெயர்த்துவிட்டால் ஒரு விரல் இடம் கிடைத்துவிடும், கதவு தானாக விட்டுக்கொடுக்கும். சொல்லத்தான் வாய் வரவில்லை. "பட்டைய எடுக்கலாம்" என்றேன் கடைசியில். "ஆனா எடுக்கதுக்கு ஒரு உளி வேணும். தெருவுல ஒரு வீட்லயும் இன்னைக்கு உளி கிடைக்காது."

என் மனைவி அடுக்களைக்குப் போனாள். ஒரு கையில் டின் உடைக்கிற உளி, மறுகையில் இடிகல்லின் குழவியோடு வந்தாள்.

"இன்னைக்கு எப்பிடி?" என்றேன். "ஆயுதம்லா?"

"இதெல்லாம் ஒரு ஆயுதமான்னு நீங்கதான கேட்டிய."

"மாப்பிள சொல்லியாச்சுல்லா" என்றார் அத்தான், நீதிபதி மாதிரி. "ஆயுதம் இல்லன்னு ஆயுதக்காரனே விதிச்சாச்சு. அடி தங்கச்சி."

நான் காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்து, பட்டையும் நிலையும் சேர்கிற கோட்டில், பசை எங்கே கொஞ்சம் மெலிந்திருக்கும் என்று யோசித்து, ஓரிடத்தில் குறி போடப்போனேன்.

"கல்யாணத்துக்கு முகூர்த்தமா குறிக்கேரு? தள்ளி நில்லும் வே."

அவள் உளியை வைத்தாள். முனை நீலம், விளிம்பெல்லாம் பொக்கை. என் ஐந்து நல்ல உளிகளில் ஒன்றாக இருந்தால் அந்த மெல்லிய முனை இப்படி நெம்பும்போது துண்டாகிப் பறந்திருக்கும். இது வளைந்து கொடுத்தது. உறுதி போன எஃகு என்பதால் வளையத் தெரிந்திருந்தது. குழவியால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவதற்கு, சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பட்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழிந்து மேல்துண்டு அவள் கையோடு வந்தது. கதவு, யாரும் தொடாமல், ஒரு விரல் அளவுக்கு உள்ளே போய் நின்றது. அவள் இடுப்பால் மெல்ல ஓர் இடி கொடுத்தாள், பழைய ஞாபகத்தில். திறந்துகொண்டது.

நான் "போ, போ, நேரமாச்சு" என்றேன்.

"இரிங்க" என்றாள். உளிகளுக்கு ஓரமாக, சேலையைத் தூக்கிப் பிடித்துக் கால் வைத்து உள்ளே போனாள். விளக்கேற்றினாள். கண்ணை மூடி, அவசரமில்லாமல் கும்பிட்டாள். குங்குமம் எடுத்து வயலின் பெட்டிக்கு வைத்தாள். வெளியே வரும்போது, கையில் இருந்த டின் உளிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். என் இழைப்புளியைப் பார்க்கக்கூட இல்லை.

"நானும் வரட்டா?"

"வரண்டாம். வந்தா வாசல்ல நின்னு கேப்பிய. எனக்குக் கை வராது."

கார் போனது. தெருமுனையில் அத்தான் ஹாரன் அடித்தார். தேவையில்லாத ஹாரன், அன்றைக்குத் தெருவில் ஓடுகிற வண்டியே அது ஒன்றுதான்.

நான் தரையில் உட்கார்ந்து, கிழிந்த பட்டையை வெளிச்சத்தில் பார்த்தேன். என் ஒட்டு விடவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பசை பிடித்த இடம் பிடித்த மாதிரியே நிலையில் இருந்தது; மரம்தான் கிழிந்திருந்தது. அத்தான் திரும்பி வந்ததும் காட்டினேன். "எட்டரைக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போ உள்ள போனா" என்றார். நான் காட்டினதை அவர் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் அவள் பாயை விரித்து உட்கார்ந்து, வயலினை நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சாய்த்து, வில்லை இழுத்தாள். அன்று கற்றுக்கொடுத்தது விரல் வைக்காமல் வெறும் தந்திகளை இழுப்பது மட்டும்தான். என் அரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டு நாய்க்குத் தெரிந்தது. அது ஊளையிடவில்லை. மதில் ஓரம் வந்து, முன்கால்களை நீட்டிப் படுத்துக் கேட்டது. அவள் வாசித்துக்கொண்டே ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மின்விசிறிக் காற்றில் பாடப் புத்தகத்தின் பக்கம் புரண்டுகொண்டே இருந்தது. அவள் எட்டி, பக்கத்தில் கிடந்த தேக்குப் பட்டையை எடுத்துப் புத்தகத்தின் நடுவில் குறுக்கே வைத்தாள். ஒரு பக்கம் தடிமனாகவும், மறுபக்கம் ஒன்றுமில்லாமல் ஓடி மறைவதாகவும் நான் இழைத்தது. பக்கம் அசையவில்லை. பட்டையின் முகம் மேலே தெரிந்தது, நான் எழுதின தேதியோடு.

"பென்சில் தாங்க" என்றாள். கொடுத்தேன். என் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் 'தொடங்கியது' என்று எழுதினாள். பிறகு வில்லை எடுத்தாள்.

கதவில் இப்போது ஒரு விரல் நுழையும். பல்லி திரும்ப வந்துவிட்டது.